அக்கா சோடித்த காம்பரா

என்கூட ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவங்க, இப்போது மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவங்க, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் தோட்டத்து ஆபீசிலும் சரி, வங்கியிலும் சரி, இதுவரை எங்கேயும் நான் கைநாட்டு வைத்ததில்லை. அதனால் இதையும் யாரிடமும் சொல்லி எழுதாமல் நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படிக்கலாம், நமக்கு இனி விடியக்காலையில் பேர் கொடுக்க எந்தப் பெரட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது?

என் மகள் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறாள். லயம் இல்லை, தனி வீடு. கொழும்புக்குப் போய்வரும்போதெல்லாம் சுவருக்கு ஏதாவது வாங்கி வருவாள். போன மாதம் ஒரு படம் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியில் கறுப்பாக மூன்று கோடு, ஓரத்தில் ஒரு மஞ்சள் வட்டம், அவ்வளவுதான். ஆணி அடித்து மாட்டிவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு. ஒரு சாண் கீழ இறக்கு. படம் கண்ணு மட்டத்துக்கு வரணும். பக்கத்துல வேற ஒண்ணையும் மாட்டிடாத" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஒனக்கு இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

அந்தப் பேச்சு என்னுடையது இல்லை. என் அக்காவுடையது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, எங்களுடையது கடைசிக்கு முந்தினது. காம்பரா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே சாமி. முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு. அங்கே உட்கார்ந்தால் மழைச் சாரல் காலில் அடிக்கும். அப்பா, அம்மா, அக்கா, நான், நாலு பேரும் அதற்குள்தான்.

அக்கா ஒரு வருசம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் தூசி தட்டுகிற வேலை பார்த்தாள். அங்கிருந்து ஒரு கரண்டிகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பார்த்ததை மட்டும் கொண்டுவந்தாள். துரைசாணி அம்மா ஒரே ஒரு பூங்கொப்பை உயரமான சாடியில் வைத்துவிட்டு, தூரப் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பாளாம். திரும்ப வந்து ஒரு விரல்கடை நகர்த்துவாளாம். மறுபடியும் போய் நின்று பார்ப்பாளாம். அதை அக்கா எங்களுக்குச் செய்து காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடித்த பிறகும் அக்காவின் தலை மட்டும் சாய்ந்தபடியே இருக்கும்.

பிறகு ஒருநாள் துரைசாணி அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டாள். துரை மட்டும் பங்களாவில். அன்றைக்கே அப்பா அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். துரைசாணி இல்லாத பங்களாவுக்கு வயசுப் பிள்ளையை அனுப்புவதில்லை. இது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லாத் தோட்டத்திலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் காலையில் அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனாள்.

அந்த வருசத் திருவிழாவில் சாமித் தேருக்கு அக்காதான் சோடனை செய்தாள். மற்றவங்க கலர்க் காகிதத்தைக் கிடைத்த இடத்தில் எல்லாம் ஒட்டுவாங்க. அக்கா மரத்தாழை மாதிரி நீளமான பச்சை இலையும் வெள்ளைப் பூவும் மட்டும் வைத்துக் கட்டினாள். ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து திருவிழா பார்க்க வந்த ஒருவர், கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவர், தேரைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது யாரு கட்டினது?" என்று கேட்டாராம். யாரோ அக்காவைக் காட்டினாங்க. அவ்வளவுதான் நடந்தது. ஐப்பசியில் ராகலையிலிருந்து ஆள் வந்து, தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது.

அக்கா மறுநாளே சுவரில் கை வைத்தாள்.

எங்கள் சுவர் முழுக்கப் பழைய பேப்பரும் சினிமாக்காரங்க காலண்டருமாக ஒட்டியிருக்கும். அதையெல்லாம் தண்ணீர் தெளித்துச் சுரண்டி எடுத்தாள். அப்பா மலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"குளிரு வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சிருந்த பேப்பருடி அது! பிச்சிப் போட்டுட்டியே, ராத்திரிக்கு நாங்க எதைப் போத்துறது?"

"ஓட்டைய நான் அடைக்கிறேன்ப்பா. அந்தச் சுவரு கொஞ்ச நாளைக்குச் சும்மா இருக்கட்டும்."

"சும்மா இருக்கறதுக்கு ஒரு சுவரா?"

"எல்லா எடத்துலயும் மாட்டினா ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியாதுப்பா."

மண்ணும் சாணியும் குழைத்து அடைத்தாள். சுண்ணாம்பு வாங்கிவந்து அடித்தாள். கார்த்திகை மழையில் அது காயவே மாட்டேன் என்றது. ஈரச் சுண்ணாம்பு வாசத்தில்தான் அந்த மாதம் முழுக்கத் தூங்கினோம். இன்றைக்கும் யார் வீட்டில் வெள்ளை அடித்தாலும் நான் வாசலோடு திரும்பிவிடுவேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தாள். கோதுமை மா வந்த மூட்டைத் துணியைப் பிரித்து, சிவப்பு எழுத்துப் போகச் சாம்பல் போட்டு வேகவைத்து, தேயிலைத் தூள் காய்ச்சின தண்ணீரில் முக்கி எடுத்தாள். பாலாடைக்கும் தேனுக்கும் நடுவில் ஒரு நிறம் வந்தது. ஓரத்தில் நூலை உருவி உருவிச் சல்லடை மாதிரி வேலை செய்து, அடுப்புக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டாள். கடைசி வரைக்கும் போகாத ரெண்டு மூன்று எழுத்தை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

அடுத்த காம்பரா அத்தையின் ஓட்டைக் குடையை வாங்கி, துணியைக் கிழித்துவிட்டுக் கம்பிகளை மட்டும் எடுத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற ஈயத்தாள், கிழிந்துபோனதை ஸ்டோருக்குப் பின்னால் எறிவாங்க இல்லையா, அதைப் பொறுக்கிவந்து, ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கொழுந்தாக வெட்டி, அந்தக் கம்பியில் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கதவைத் திறந்தால் போதும், அத்தனையும் சுற்றும். கூரைத் தகரத்தில் வெள்ளி வெள்ளியாக வெளிச்சம் ஓடும்.

உடைந்த பெட்டிப் பலகையில் சட்டம் அடித்து, பாறை இடுக்கில் முளைக்கிற சீப்பு மாதிரி இலையைக் காய வைத்து ஒட்டிக் கண்ணாடி போட்டாள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அது ஒன்றுதான், கண் மட்டத்துக்கு.

அடுத்த காம்பரா அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "இது எந்தச் சாமி புள்ள? மாடு திங்கிற எலையக் கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்க?"

"சாமி இல்லத்த. சும்மா பாக்கறதுக்கு."

"பாத்தா?"

"பாத்தா நல்லாருக்கும்."

அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "ஆமாடி" என்றாள், குரலைத் தாழ்த்தி. போகும்போது, "என் குடை மட்டும் நல்லா இருந்தா ஒனக்குக் குடுத்திருப்பேனாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை நான் இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் எழுத முடியாது.

கடைசியாகச் செய்தது பூச்சாடி. டின்பால் டப்பாவின் மேல் களிமண்ணும் சுண்ணாம்பும் பூசி, அது காய்வதற்குள் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பதித்தாள். நீலமும் வெள்ளையுமான துண்டுகள். பங்களாவுக்குக் கீழே இருந்த குப்பைக்குழியில் பொறுக்கினது. நானும் கூடப் போனேன். துண்டில் என் விரல் அறுத்துவிட்டது, அக்கா வாயில் வைத்து உறிஞ்சினாள். நாங்கள் குழியில் பொறுக்கினதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி பார்த்துவிட்டாள். மறுநாள் வகுப்பில், "இவ வீட்டுல குப்பையத்தான் தொங்க விட்டுருக்காங்களாம்" என்று ஆரம்பித்தாள். அன்றிலிருந்து எனக்குக் குப்பைக்காரி என்று பேர். வாத்தியார்கூட ஒருதரம் சிரித்துவிட்டார். அக்காவிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சாடியைப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

பொங்கல் கழிந்து ராகலைக்காரங்க வந்தாங்க. மாப்பிள்ளை வரவில்லை. அவர் அம்மாவும், தாய்மாமனும், இன்னும் ரெண்டு பெண்களும். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டாங்க. வெளியே பனிக்கால வெயில். திறந்த கதவு வழியாகக் காற்று வந்து ஈயக் கொழுந்தெல்லாம் சுற்றின. மாமன் அண்ணாந்து பார்த்து, "அட" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தானே செய்த மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அந்த மாமனைக் கூட்டிக்கொண்டு மரக்கறித் தோட்டத்தைக் காட்டப் போனார். அம்மா நாலு நல்ல கோப்பை இரவல் வாங்க அத்தை வீட்டுக்குப் போனாள். அக்கா திரைக்குப் பின்னால் அடுப்படியில். கூட வந்த பெண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெயில் காய்ந்தாங்க. உள்ளே மாப்பிள்ளையின் அம்மாவும் நானும்தான்.

அவங்க நல்ல மனுசி. என்னை மடியில் சாய்த்துக்கொண்டு தலையைத் தடவினாங்க. சாடியைக் காட்டிக் கேட்டாங்க.

"ரொம்ப ஒசத்தியான சாமானா இருக்கே. இதெல்லாம் எங்கம்மா வாங்கினது?"

குப்பைக்குழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குப்பைக்காரி குப்பைக்காரி என்று காதுக்குள் கேட்டது. எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய ஆளின் பேரைச் சொன்னேன்.

"தொரை குடுத்தாரு."

"தொரைசாணி குடுத்தாங்களா?"

"இல்ல, தொரைதான். தொரைசாணி ஊருக்குப் போயிட்டாங்களே. போன மாசங்கூட சமையக்காரருகிட்ட குடுத்து அனுப்பினாரு."

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "எல்லாமேவா?"

"எல்லாந்தான். எங்கக்கான்னா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என்னைக் குப்பைக்காரி ஆக்கின அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இங்கே நின்று கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை மெதுவாக மடியிலிருந்து நகர்த்திவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டாங்க.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெட்கம் என்று எல்லாரும் நினைத்தாங்க, நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாங்க. அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அதை ஒருவரும் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாங்க. ராகலைக்கு நுவரெலியா வழியாகத்தான் போகணும், அங்கே போகிற கடைசி பஸ் நாலரைக்குத்தான். அப்போது மணி ஒன்று.

நாலு நாள் கழித்து ஆள் மூலமாகப் பதில் வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில், எல்லார் காது கேட்கவும் அப்பாவிடம் சொன்னாங்களாம். "தொரை சோடிச்ச வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்லையாம்."

அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா மலையிலிருந்து வருகிற வரைக்கும் கதவுப்படியில் உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே லயத்துச் சனமும் வந்து இஸ்தோப்பில் கூடிவிட்டது.

"பங்களாவுல என்னா நடந்துச்சு? தொரை ஒனக்கு என்னென்ன குடுத்தான்?"

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதலான நேரம். நான் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டேன்.

அவள் அழவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, தொங்கிக்கொண்டிருந்ததை அறுத்து இறக்கினாள். ஒவ்வொரு கொழுந்தாகப் பிய்த்து அப்பாவின் முன்னால் போட்டாள்.

"இது ஸ்டோருக்குப் பின்னால எறிஞ்ச ஈயத்தாளுப்பா. இந்தக் கம்பி அத்தையோட ஓட்டைக் குடை. கேட்டுப் பாருங்க."

"ஆமாண்ணே, என் குடைதான்" என்றாள் அத்தை, கூட்டத்திலிருந்து.

திரையைப் பிடித்து இழுத்தாள். மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளே மறைத்திருந்த சிவப்பு எழுத்தை விரித்துக் காட்டினாள். "மா மூட்டைப்பா." படத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தாள். காய்ந்த இலை அவள் கையிலேயே பொடிந்துவிட்டது. "பாறை எலை." சாடியைத் தூக்கித் தரையில் போட்டாள். சுண்ணாம்பு உடைந்து, உள்ளே இருந்த டின்பால் டப்பா உருண்டு அப்பாவின் காலடிக்குப் போனது.

"இந்தப் பீங்கான் மட்டுந்தான் பங்களாவுது. தொரையும் குடுக்கல, தொரைசாணியும் குடுக்கல. நாயும் காக்காயும் கிளர்ற குழியில நான் பொறுக்கினேன். போதுமாப்பா?"

இஸ்தோப்பில் ஒருத்தி சொன்னாள்: "இம்புட்டுதானா? நாங்கூட என்னமோ வெலை ஒசந்த சாமானுன்னுல்ல நெனைச்சேன்." நாலைந்து பேர் சிரித்தாங்க.

அந்தச் சிரிப்புக்குத்தான் அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா கேட்ட கேள்விக்குக்கூட இல்லை.

அப்பா டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நான் நம்புறேன்த்தா" என்றார். "லயம் நம்பணுமே." பிறகு நிமிர்ந்து, "அவுங்ககிட்ட யாரு போயி இப்படிச் சொன்னது?" என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் இருந்தது அத்தை ஒருத்திதான். கோப்பை கொடுக்க வந்தவள், ராகலைக்காரங்களோடு வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசியிருக்கிறாள். அப்பா அவளையே பார்த்தார். அத்தை, "சாமி சத்தியமா நான் இல்லண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடி விழும் என்கிற பயம் மட்டும் இல்லை. அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று பேர் வாங்க எனக்கு ரோசம் இடம் கொடுக்கவில்லை. ஒன்பது வயதிலேயே எனக்கு அவ்வளவு ரோசம்.

அத்தை வீட்டில் அதற்குப் பிறகு நாங்கள் அடுப்புக்கு நெருப்புக்கூட வாங்கவில்லை. ஏழெட்டு வருசம் கழித்து அவள் செத்தாள். ஒரே சுவர்தான் நடுவில். சாவுக்கு அடித்த தப்பு மேளச் சத்தம் எங்கள் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிரக் கேட்டது. அப்பா இஸ்தோப்பை விட்டு இறங்கவில்லை.

சாடி உடைந்த அந்த வருசம், தோட்டத்துச் சனம் இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். பேச்சு கடல் தாண்டி வராது என்று அப்பா நினைத்தார். மனைவி செத்து, ரெண்டு பிள்ளையோடு கப்பலுக்குக் காத்திருந்த ஒருவருக்கு அக்காவைக் கொடுத்தார். குற்றமே இல்லை என்று நம்பின மகளைக் குற்றவாளி மாதிரி அனுப்பினார். இன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபப்பட வயசு இருக்கிறது, தகுதி இல்லை.

அட்டன் ஸ்டேசனில்தான் வழியனுப்பினோம். தலைமன்னாருக்குப் போகிற ரயில். தகரப்பெட்டியும் பாய்ச்சுருட்டும் அழுகையுமாகச் சனம். அக்கா சன்னல் வழியாகக் கையை நீட்டி என் முகவாயைப் பிடித்தாள்.

"என்னடி, ஏதாச்சும் சொல்லணுமா?"

"சீப்பு எடுத்து வெச்சியாக்கா?" என்று கேட்டேன்.

"வெச்சேன்" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். ரயில் போய்விட்டது.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்தது. சில கடிதம் வந்தது, பிறகு நின்றது. நாலைந்து வருசத்துக்கு முன்னால் அவள் மகன் எப்படியோ தேடிப்பிடித்து போனில் பேசினான். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முகம் பார்த்துப் பேசுவோம். முழங்கால் வலி, மழை, பேரப்பிள்ளை. அதற்கு மேல் நான் போனதில்லை.

மகள் அந்தப் படத்தை ஒரு சாண் இறக்கி மாட்டின அன்றைக்கு, "ஒங்க பெரியம்மாவுக்குப் போன் போடு" என்றேன். போனில் அக்கா முகம் வந்தது. பல் இல்லை, தலை முழுக்க வெள்ளை. மகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்காமல் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ராகலைக்காரங்ககிட்ட தொரை குடுத்தாருன்னு சொன்னது அத்தை இல்ல. நாந்தான்."

அவள் அசையவில்லை. போன்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு கண்ணைச் சிமிட்டினாள்.

"தெரியும்டி. நான் திரைக்குப் பின்னாடிதானே தேத்தண்ணி ஆத்திக்கிட்டு நின்னேன்."

"தெரிஞ்சும் ஏங்க்கா அப்பாகிட்ட சொல்லல?"

"நான் சொன்னா ஒன்னைய அடிச்சே கொன்னிருப்பாரு. நீயா சொன்னா அடிக்க மாட்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ஸ்டேசன் வரைக்கும் பாத்தேன்."

அக்கா அதை அதோடு விட்டுவிட்டாள். அங்கே மழையா என்று கேட்டாள். ஆமாக்கா, நல்ல மழை என்றேன்.

மழை இல்லை. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.